என்ஜின்எக்ஸில் கன்டென்ட்-டைப்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் பிடித்த விஷயம், எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த வகை (பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட்-டைப்) என்பதெல்லாம் மைம்.டைப்ஸ் என்ற ஒரே ஃபைலில் இருப்பதுதான். அதில் இல்லாத எக்ஸ்டென்ஷன், கூடவே வரும் கான்ஃபிக்படி 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' ஆகப் போகும். பிரவுசர் அதைத் திறந்து காட்டாமல் டவுன்லோடு செய்துவிடும்.

பலரும் மாட்டிக்கொள்வது '.எம்ஜேஎஸ்' ஃபைலில். பழைய பதிப்புகளின் பட்டியலில் அது கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலுக்குச் சரியான வகை வராவிட்டால் பிரவுசர் அதை ஓட்டவே ஓட்டாது. சரி, ஒரு வரி சேர்ப்போம் என்று கான்ஃபிக்கில் ஒரு தளத்துக்கான சர்வர் பிளாக்குக்குள் தனியாக 'டைப்ஸ்' எழுதினால் பெரிய வினை. மேலிருந்து வந்த பட்டியல் முழுவதும் அங்கே ரத்தாகிவிடும், புதிய வரியோடு சேராது. பிஎச்பி தளமென்றால் பக்கம் வரும், சிஎஸ்எஸ் மட்டும் ஏறாது. எச்டிஎம்எல் ஃபைலாக வைத்திருந்தால் முகப்புப் பக்கமே டவுன்லோடு ஆகும்.

கான்ஃபிக்கில் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான எச்டிடிபி மட்டத்தில் இரண்டு 'டைப்ஸ்' இருந்தால் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அதனால் உபுண்டு, டெபியனில் 'கான்ஃப்.டி' ஃபோல்டரில் தனி ஃபைல் போட்டு, அதில் ஒரு 'டைப்ஸ்' பிளாக்குக்குள் 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட் எம்ஜேஎஸ்;' என்று எழுதுவதே நல்லது. மைம்.டைப்ஸைத் தொட வேண்டாம். அப்கிரேடு செய்யும்போது எந்த ஃபைலை வைப்பது என்ற கேள்வியும் வராது. 'என்ஜின்எக்ஸ் -டி' கொடுத்து கான்ஃபிக்கைச் சோதித்த பிறகே ரீலோடு செய்யுங்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்கு 'சார்செட் யுடிஎஃப்-8;' கட்டாயம். மெட்டா டேகில் என்ன எழுதியிருந்தாலும் சர்வர் அனுப்பும் ஹெடரில் வருவதே செல்லும். ஹெடர் விண்டோஸ்-1252 என்று சொன்னால், ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பைட்டும் மூன்று குறிகளாகச் சிதறும். மேலே கோடு போட்ட சின்ன லத்தீன் எழுத்தும் அதையடுத்து ® குறியும் திரும்பத் திரும்ப வந்தால், காரணம் இதுதான். ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை.

எல்லாம் சரிசெய்தும் பழைய தவறே தெரிகிறதா? இடேக் (ஃபைல் மாறியதா என்று பிரவுசர் பார்க்க உதவும் அடையாளக் குறி) என்பது ஃபைலின் அளவையும் திருத்திய நேரத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. கான்ஃபிக்கை மட்டும் மாற்றினால் அது மாறாது. சர்வர் 304, அதாவது 'மாறவில்லை' என்று சொல்லும், பிரவுசரும் பழைய வகையையே வைத்துக்கொள்ளும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர் உங்கள் கணினிக்கு மட்டுமே உதவும். வாசகர்களுக்கும் சரியாக வேண்டுமானால், அந்த ஃபைல்களை 'டச்' செய்து திருத்திய நேரத்தை மாற்றி, சிடிஎன் (இடையில் நகல் வைத்துத் தரும் சர்வர்கள்) கேஷையும் காலி செய்யுங்கள். பிறகு 'கர்ல் -ஐ' கொடுத்து ஹெடரைப் பாருங்கள்.