ஸ்டெல்லா டி ஓரோவா, ஹைபீரியனா?

அமெரிக்காவில் வீடு வாங்கி, முதல் தடவை டேலிலி என்ற பூச்செடியை வைக்கப் போகிறவர்கள் நர்சரியில் குழம்பி நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு ரகங்களுக்கும் நடுவில்தான். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் ஒரு பூவுக்கு ஆயுசு ஒரு நாள்.

உயரம்: ஸ்டெல்லா ஓரடிக்குள் அடங்கும். ஹைபீரியன் மூன்றடியைத் தாண்டும்.

பூக்காலம்: ஸ்டெல்லா ஜூனில் தொடங்கி, விட்டுவிட்டு இலையுதிர் காலம் வரை பூக்கும். ஹைபீரியனுக்குக் கோடை நடுவில் சில வாரங்கள்தான்.

மணம்: இங்கேதான் ஹைபீரியன் ஜெயிக்கிறது. 1920களில் வந்த பழைய ரகம். எலுமிச்சை மஞ்சளில் விரல்கள் போல நீண்ட இதழ்கள், பக்கத்தில் போனாலே இனிப்பாக ஒரு வாசனை. ஸ்டெல்லாவின் பொன்மஞ்சள் பூவில் அப்படி ஒன்றும் கமழாது.

விலை: ஸ்டெல்லா எங்கும் மலிவு. பார்க்கிங் ஓரமெல்லாம் அதுதான், பார்த்துப் பார்த்து எனக்கே சலித்துவிட்டது.

பராமரிப்பு: இரண்டுக்கும் வெயில் வேண்டும். வாடிய பூவை அதன் அடியில் பிடிக்கும் காயோடு சேர்த்துக் கிள்ளினால் ஸ்டெல்லா மறுபடி நன்றாகப் பூக்கும். சோம்பேறிக்கு ஹைபீரியனே மேல்.

நடைபாதை ஓரம், தொட்டி என்றால் ஸ்டெல்லா. வேலியோரம், ஜன்னலடி என்றால் ஹைபீரியன். வீட்டில் பூனை இருந்தால் இரண்டுமே வேண்டாம். டேலிலி பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.