இங்கிலாந்துப் பள்ளி ஆளுநர்கள்: கவுன்சிலா, டிரஸ்டா?

இங்கிலாந்தில் பள்ளி ஆளுநர்கள், அதாவது பள்ளி நிர்வாகத்தை மேற்பார்வையிடும் குழுவினர், ஊதியமில்லாத தன்னார்வலர்கள். கவுன்சில் (உள்ளூராட்சி) பொறுப்பிலுள்ள பள்ளியில் அவர்களுக்குத் துணை அந்தக் கவுன்சிலே: பயிற்சி வகுப்பு, சட்ட விளக்கம், ஆலோசகர். முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கட்டாக வந்து சேரும் தாள்களைப் பார்த்துத் திகைக்கிற பெற்றோர் ஆளுநருக்கு, மதிப்பெண் அட்டவணையின் எந்த வரியில் என்ன கேள்வி கேட்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருப்பது பெரிய பலம். ஆனால் பள்ளி மேம்பாட்டுக்கான அரசு மானியம் 2023-இல் நின்றுபோனது. பல சேவைகளுக்குப் பள்ளிகளே கட்டணம் கட்டுகின்றன.

அகாடமி டிரஸ்டில், அதாவது கவுன்சிலுக்கு வெளியே பல பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அறக்கட்டளையில், உதவி சீக்கிரம் வரலாம். கணித ஆசிரியர் குறைந்தால் இன்னொரு பள்ளியிலிருந்து அனுப்ப முடியும். அதிகாரமோ மேலேயுள்ள அறங்காவலர்களிடம். அவர்கள் விட்டுக்கொடுத்த அளவுதான் பள்ளியின் உள்ளூர் ஆளுநர் குழுவுக்கு உரிமை. எனக்கு உறுத்துவது அதுதான். என் ஓட்டு கவுன்சிலுக்கே.