மின்னகம்: போனை எடுக்கிறார்கள், ஆனால் இன்னும் ஆள் வேண்டும்

94987 94987. தமிழ்நாட்டில் மின் இணைப்பு வைத்திருக்கிற எல்லோர் போனிலும் இந்த எண் இருக்க வேண்டும். மின்வாரியம் 2021 ஜூனில் சென்னை அண்ணா சாலை தலைமை அலுவலகத்தில் தொடங்கிய மின்னகம் என்கிற மின் புகார் மையத்தின் எண் இது, மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் கேட்கிற கேள்விகள். போன மழையில் ஒரு ராத்திரி வேப்பங்கிளை கம்பியில் உரசிப் பொறி பறந்தது, கூப்பிட்டேன். எடுத்த பெண் பதறாமல், தெரு முழுக்க கரண்ட் இருக்கிறதா, ஒரு பேஸ் மட்டும் போயிருக்கிறதா, கம்பி அறுந்து தொங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ஒரு வீட்டுக்கு மட்டும் கரண்ட் இல்லை என்றால் கோளாறு கம்பத்திலோ மீட்டர் பக்கமோ இருக்கும், தெருவுக்கே ஒரு பேஸ் இல்லை என்றால் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருக்கலாம், கம்பி அறுந்திருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் சப்ளையை நிறுத்த வேண்டும். லைன்மேன் எங்கே போவது, என்ன எடுத்துப் போவது என்பதெல்லாம் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. புகார் எண் உடனே எஸ்எம்எஸ்ஸில் வந்தது, அன்று ராத்திரியே ஆட்கள் வந்து கிளையை வெட்டிவிட்டார்கள்.

சரி, குறைக்கு வருவோம். தொடங்கும்போது ஷிப்டுக்கு 65 பேர், மூன்று ஷிப்டுக்கு 195 பேர் என்று அறிவித்தார்கள். மாநிலத்தில் இணைப்புகள் 3 கோடிக்கு மேல். சாதாரண நாளில் ஓடிவிடும், ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நடந்ததுபோல, தண்ணீர் தேங்கிய இடங்களில் ஷாக் அடிக்கக் கூடாது என்று சப்ளையை நிறுத்தி வைத்து, எப்போது வரும் என்று கேட்க ஊரே ஒரே எண்ணை அடித்தால் அத்தனை பேர் எப்படிப் போதும்? மழைக்கு ஆள் கூட்டுவதென்றால் ஐப்பசி பிறப்பதற்குள் எடுத்து, கொஞ்ச நாளாவது லைன்மேன்களோடு அனுப்பிப் பழக்க வேண்டும். கம்பத்தைக் கிட்டப் போய்ப் பார்க்காதவருக்கு அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாது.

அப்புறம், பிரிவு அலுவலகங்களில் காலியாகக் கிடக்கிற களப்பணியிடங்களையும் சேர்த்தே நிரப்ப வேண்டும். புகாரை எழுதிக்கொள்ள நூறு பேர் இருந்து, கம்பத்தில் ஏற ஒருவர்தான் என்றால் விடிய விடிய அலைகிறவர் அந்த ஒருவர்தான்.

கூப்பிடும்போது மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் மட்டும் அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், யாரையும் கிட்டே விடாமல் தடுத்துவிட்டு உடனே அடியுங்கள்.