ஆத்தங்குடி மணலுக்கு எந்த மடக்கு போன் தாங்கும்?

மடக்கு போன் என்றாலே எல்லோரும் கேட்பது, "எத்தனை தடவை மடக்கலாம்?" என்றுதான். 2020இல் முதல் ஃபிளிப், அதாவது மேலிருந்து கீழாக இரண்டாக மடியும் போன், வந்தபோதே சாம்சங் சொன்ன கணக்கு 2 லட்சம் தடவை. நாளைக்கு நூறு தடவை மடக்கினாலும் ஐந்து வருஷம் தாண்டும். செட்டிநாட்டுக்காரர் கேட்க வேண்டியது, தூசி தாங்குமா என்பதை.

2024இல் வந்த சாம்சங்கின் ஃபோல்ட்6 (புத்தகம்போல விரிவது), ஃபிளிப்6 இரண்டுக்கும் ஐபி48 தரம். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறி. 8 என்பது தண்ணீருக்கு. கிணற்றடியில் வாளிக்குள் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். 4 என்பது தூசிக்கு. 1 மில்லிமீட்டரைவிடப் பொடிசான துகளுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. செட்டிநாட்டுப் பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் சலித்த மணல், சிமெண்ட், கலர்ப்பொடி எல்லாமே அதைவிடச் சன்னம். மடக்கு போனின் திரையில் இருக்கும் கண்ணாடியோ தலைமுடியைவிட மெல்லிசு. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் படலம், நகம் அழுந்தினாலே தடம் விழும். கீலுக்குள் ஒரு மணல் புகுந்து திரைக்கு அடியில் போய்விட்டால் உள்ளிருந்தே குத்தும். 2019இல் முதல் ஃபோல்ட் ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பருக்குத் தள்ளிப்போனதற்கு இப்படி உள்ளே போன துகளும் ஒரு காரணம்.

அதனால் பட்டறையிலேயே நாளெல்லாம் நிற்பவருக்கு இரண்டுமே வேண்டாம். ஐபி68 உள்ள சாதா போனே போதும், 6 என்றால் தூசி உள்ளே புகாது. கல்லின் டிசைனைப் பெரிய திரையில் காட்டியே ஆக வேண்டுமென்றால் கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்டைப் பாருங்கள். மடக்கு போனிலேயே ஐபி68 தரத்தோடு 2025இல் வந்தது அது. விலைதான் வந்தபோது ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி இருந்தது.

காரைக்குடியில் பழம்பொருள் விற்பவருக்கு நான் ஃபிளிப்பைத்தான் சொல்வேன். பாதி மடக்கி மேஜைமேல் வைத்தால் அதுவே நிற்கும். வீடியோ காலில் இரண்டு கையாலும் எனாமல் தூக்குச்சட்டியைத் திருப்பித் திருப்பி, அடிப்பக்கத்து முத்திரை வரைக்கும் காட்டலாம். ஃபோல்டையும் அப்படி நிறுத்தலாம், ஆனால் ஃபோல்ட்6 வந்தபோது ஃபிளிப்6ஐவிட ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதல். கணக்கு வழக்கு, வீட்டு பிளான் என்று பெரிய திரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தப் பணம் தகும், மற்றவர்களுக்குத் தகாது.

நடுவில் தெரியும் மடிப்புத் தடத்தைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், சாய்வாக வெயில் விழும் இடத்தில் திரையை ஆஃப் செய்து பிடித்தால்தான் அது எவ்வளவு பள்ளம் என்று தெரியும். அப்படியே வெளியே கொண்டுபோய்ப் பார்க்கக் கடைக்காரரிடம் தாராளமாகக் கேளுங்கள். உள்திரை மாற்ற என்ன ஆகும், காரைக்குடியிலேயே மாற்றுவார்களா, மதுரைக்கு அனுப்புவார்களா என்பதையும் பணம் கட்டுமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.