20 ஆட்ட சீசன் டிக்கெட்: நான்கு வருடம் வைத்திருந்த பிறகு

அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்துவிட்டது. டிசம்பர் 12 கடைசித் தேதி. எங்கள் ஊர் மேஜர் லீக் பேஸ்பால் அணியின் 20 ஆட்ட டிக்கெட்டை 2022 முதல் வாங்கி வருகிறேன். எனக்கும் மகளுக்கும் இரண்டு இருக்கைகள்: மேல் தளம், மூன்றாம் பேஸ் பக்கம், நான்காவது வரிசை. 2025 சீசனுக்கு இரண்டுக்கும் சேர்த்து 960 டாலர் கட்டினேன், பார்க்கிங் தனி. இந்த நான்கு வருடமும் அணி 'ரீபில்ட்' செய்துகொண்டிருக்கிறது. பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை விற்று, பத்தொன்பது இருபது வயதுப் பையன்களை வாங்கி, அவர்கள் வளரும்வரை தோற்பது என்பதுதான் அதற்கு அர்த்தம். அணியின் பெயரை எழுதப் போவதில்லை. இதே டிக்கெட்டை இதே பேச்சோடு விற்கும் அணிகள் இன்னும் நான்கைந்து இருக்கின்றன; உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இருக்கை அருமை. மூன்றாம் பேஸ் பக்கம் உயரத்தில் உட்கார்ந்தால் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அரையடி இடம் மாறுவது தெரியும். தொலைக்காட்சியில் இதைப் பார்க்கவே முடியாது. 2023-ல் பிட்ச் கிளாக் (பந்து வீசக் கெடு வைக்கும் கடிகாரம்) வந்த பிறகு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிகிறது, முந்தைய வருடத்தைவிட 24 நிமிடம் குறைவு. மறுநாள் பள்ளி இருந்தாலும் மகளைக் கடைசிவரை உட்கார வைக்க முடிகிறது. போக முடியாத ஆட்டத்துக்குப் பதில் வேறு ஆட்டம் மாற்றிக்கொள்ளலாம். நான் ஏழு முறை மாற்றியிருக்கிறேன், ஒருமுறைகூடத் தகராறு வந்ததில்லை. எங்கள் பகுதியில் இருக்கை காட்டும் பெரியவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எட்டு வயதில் அவள் முதல் முறை வந்தபோது ஸ்கோர் அட்டை எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இந்தச் சேவைக்கெல்லாம் முழு மதிப்பெண் போடுவேன்.

ஆனால் 960 டாலர் அதற்காக மட்டும் கொடுப்பதில்லையே. மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்குத்தான் பணம்.

மூன்றாம் வருடம் ஜூலையில் நடந்ததைச் சொன்னால் புரியும். சீசன் தொடங்கும்போதே பரிசு நாட்களின் பட்டியல் வந்துவிடும். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் முதன்மைப் பிட்சரின் (பந்து வீசுபவர்) தலையாட்டும் பாபிள்ஹெட் பொம்மை தருவதாக இருந்தது. மகள் ஏப்ரலிலேயே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். அவளிடம் அவருடைய எண் போட்ட ஜெர்சி இருந்தது, அவர் பந்தை விடுவதற்கு முன் இடது தோளைக் குலுக்குவதை வீட்டில் அப்படியே செய்து காட்டுவாள். ஜூலை கடைசியில் அவரை விற்றுவிட்டார்கள். பதிலுக்கு மூன்று பையன்கள் வந்தார்கள், மூவரும் இன்னும் கீழ்நிலையான மைனர் லீக்கில் இருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை நாங்கள் போனோம். பொம்மைகள் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்க வேண்டும், ஆனால் கொடுக்கவில்லை. பதிலாக அணியின் சின்னம் போட்ட ஒரு துண்டு கொடுத்தார்கள். அவள் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாவது இன்னிங்ஸ்வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "அப்பா, இவங்க ஜெயிக்கணும்னுதான் ஆடுறாங்களா?"

மைதானத்தில் நிற்பவர்கள் எல்லோரும் உயிரைக் கொடுத்துத்தான் ஆடுகிறார்கள் என்றேன். அது உண்மை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் முதல் முறையாக மேஜர் லீக் வந்து ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் வீசுவான். ஏழாவது இன்னிங்ஸில் வேறு எந்த அணியும் வேண்டாமென்று விட்டவர்களை வைத்து ஓட்டும் புல்பென் (மாற்றுப் பிட்சர்கள்) வந்து ஐந்து ரன் கொடுக்கும். அந்தப் பையன் டக்அவுட்டில் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை இந்த வருடம் மட்டும் நான்கு முறை பார்த்தேன். ஜெயிக்க நினைக்காதது அணியின் நிர்வாக அலுவலகம். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று அன்றைக்குத் தெரியவில்லை.

ரீபில்ட்டை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது ஹூஸ்டனை. அந்த ஊர் அணியான ஆஸ்ட்ரோஸ் 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 ஆட்டங்கள் தோற்றது. 2017-ல் லீக்கின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்றது. அந்தக் கோப்பையின் மீது எதிரணி கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகையைத் திருடிய விவகாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது தனிக் கதை. ஆனால் அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். அல்டூவே 2007-லேயே சேர்ந்தவர். கைகல் 2009-ல் டிராஃப்ட் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வருடாந்திரத் தேர்வு; அப்போது மிக அதிகம் தோற்ற அணிக்கு முதல் இடம்) ஆனவர், ஸ்பிரிங்கர் 2011 ஜூனில். மூன்றுமே பெருந்தோல்விகளால் கிடைத்தவை அல்ல. தோற்றுத் தோற்றுக் கிடைத்த முதல் இடங்கள் மூன்று: 2012-ல் கொரியா, சரி, நல்ல தேர்வு. 2013-ல் மார்க் அப்பெல், ஹூஸ்டனுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 2014-ல் பிராடி ஐகன், ஒப்பந்தமே ஆகவில்லை. அதற்கு ஈடாக அடுத்த வருடம் கிடைத்த இரண்டாம் இடத்தில்தான் பிரெக்மன் வந்தார். இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திட்டம் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் எங்களுக்கு டிக்கெட் விற்பவர்கள் இதை எழுதிவைத்த சூத்திரம் போலச் சொல்கிறார்கள்.

அதே சூத்திரத்தை நம்பிய இன்னொரு அணி சிகாகோ வைட் சாக்ஸ். 2016 டிசம்பரில் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்துத் தொடங்கினார்கள். 2020, 2021 இரண்டு வருடம் பிளேஆஃப் போனார்கள், ஒரு தொடரும் வெல்லவில்லை. 2024-ல் 41 வெற்றி, 121 தோல்வி. நவீன காலத்தில் ஒரே சீசனில் அத்தனை ஆட்டம் யாரும் தோற்றதில்லை. எட்டு வருடம் காத்திருந்த ரசிகனை மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நில் என்றால் அவன் என்ன செய்வான்?

இங்கேதான் விதிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ரீபில்ட் கணக்கு இப்போது செல்லாது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 16.5 சதவீதம்தான். 2024-ல் வெறும் 2 சதவீத வாய்ப்பு இருந்த கிளீவ்லாந்துக்கு முதல் இடம் விழுந்தது. அணிகளுக்கிடையேயான வருமானப் பங்கீட்டில் பணம் பெறாத அணி அடுத்தடுத்த வருடம் குலுக்கலில் இடம்பெற முடியாது. அதனால் 121 ஆட்டம் தோற்ற வைட் சாக்ஸுக்கு 2025-ல் கிடைத்தது பத்தாவது இடம். அதேசமயம் 2022 முதல் பிளேஆஃபுக்கு 12 அணிகள் போகின்றன. கீழே விழுந்தால் கிடைப்பது குறைந்திருக்கிறது, நடுவில் நின்றால் கிடைப்பது கூடியிருக்கிறது. இது தெரிந்தும் ஓர் அணி நான்காவது வருடமாக அடியில் கிடக்கிறது என்றால் அதைத் திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சம்பளச் செலவைக் குறைக்கும் வழி. இந்த லீக்கில் குறைந்தபட்சச் சம்பளப் பட்டியல் என்று அணிக்கு எதுவும் கிடையாது, கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவதும் கிடையாது. தோற்றாலும் தேசிய ஒளிபரப்புப் பணத்தில் பங்கு வந்துவிடும். தோல்வியின் செலவு என்னைப் போல டிக்கெட் வாங்குபவன் தலையில்தான் விழுகிறது.

2023 உலகத் தொடரில் மோதிய இரண்டு அணிகளையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2021-ல் 102 ஆட்டம் தோற்றது, அரிசோனா 110. டெக்சஸ் அந்தக் குளிர்காலத்திலேயே கோரி சீகருக்கு 32.5 கோடி டாலர், மார்கஸ் செமியனுக்கு 17.5 கோடி டாலர் எடுத்து வைத்தது. பையன்கள் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்காரவில்லை. இரண்டு வருடத்தில் கோப்பை வந்தது, தொடர் நாயகன் சீகர். அரிசோனாவைத் தூக்கி நிறுத்திய கார்பின் கேரல் டிராஃப்டில் 16-வது இடத்தில் எடுக்கப்பட்டவர். 84 வெற்றியோடு உள்ளே நுழைந்து உலகத் தொடர் வரைக்கும் வந்தார்கள்.

கான்சஸ் சிட்டி இன்னும் நெருக்கமான உதாரணம், ஏனென்றால் அது பணக்கார ஊர் இல்லை. 2023-ல் 106 தோல்வி. அந்தக் குளிர்காலத்தில் சேத் லூகோ, மைக்கேல் வாகா என்று முப்பது வயது தாண்டிய இரண்டு பிட்சர்களை எடுத்தார்கள், இளம் ஷார்ட்ஸ்டாப் பாபி விட் ஜூனியரோடு நீண்ட ஒப்பந்தம் போட்டார்கள். 2024-ல் 86 வெற்றி. பிளேஆஃப் முதல் சுற்றில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பியது யாரை? 2018, 2019, 2021 ஆகிய வருடங்களில் 115, 108, 110 என்று தோற்று, ரீபில்ட்டின் பாடப்புத்தகம் என்று பெயர் வாங்கிய பால்டிமோரை. அந்த இரண்டு ஆட்டங்களையும் வீட்டில் பார்த்தோம். "நாமும் இரண்டு பிட்சர் வாங்கலாமே" என்றாள் மகள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான், அது போதும் என்றுதான் எனக்கும் படுகிறது.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடியப்போகிறவரை ஜூலையில் கொடுத்து நல்ல பையனை வாங்குவது புத்திசாலித்தனம். சிகாகோ கப்ஸ் அணி 2013-ல் ஸ்காட் ஃபெல்ட்மனைக் கொடுத்த பேரத்தில்தான் ஜேக் அரியெட்டா வந்தார். அவர் 2015-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், அடுத்த வருடம் அணி 1908-க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பை வென்றது. டெட்ராய்ட் 2024 ஜூலை கடைசியில் ஜாக் ஃபிளாஹெர்டியை விற்றது. ஆனால் ஆட்டத்தை மூட்டை கட்டவில்லை. மைனர் லீக்கிலிருந்து பையன்களை ஏற்றி, பிட்சர்களை மாற்றி மாற்றி வீசவைத்து, கடைசி 44 ஆட்டத்தில் 31 வென்று பிளேஆஃப் போனது. அஸ்திவாரம் தோண்டும்போதும் வீட்டில் ஒரு அறையாவது குடியிருக்க விட வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

இந்தச் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டமே இல்லை, பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் மேல் தளம்வரை கேட்டது. 9-1 என்று தோற்றுக்கொண்டிருந்தோம். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று நாள் முன்பு மேலே வந்த பையன் ஒருவன் வலது பக்கம் ஒரு பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸில் நின்றான். மேஜர் லீக்கில் அவனுடைய முதல் ஹிட். எதிரணி ஆட்டக்காரர் பந்தைப் பத்திரமாக எங்கள் டக்அவுட்டுக்கு உருட்டிவிட்டார். எங்களுக்குக் கீழே இரண்டு வரிசை தள்ளி ஒரு அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இருந்த கொஞ்சம் பேரும் எழுந்து நின்று தட்டினோம். இருக்கை காட்டும் பெரியவரும் தட்டினார். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் கொடுத்த பணத்தில் எவ்வளவை வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பையனுக்கு நிரம்பிய மைதானம் கிடைத்திருக்க வேண்டும். ஜெயிக்க வாய்ப்புள்ள ஒரு செப்டம்பர் கிடைத்திருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. ரீபில்ட் அணி என்றால் ஆகஸ்டுக்குப் பிறகு வரும் ஆட்டங்களைத் தொகுப்பில் குறைத்துக் கேளுங்கள். நான் 24 டாலருக்கு வாங்கிய இருக்கை செப்டம்பரில் மறுவிற்பனையில் 6 டாலருக்குப் போனது. நகர முடியாத அளவுக்கு இருக்கை பிடித்துப்போனால் மட்டும் முழுத் தொகுப்பு எடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஜெர்சி வாங்கினால் பெயர் போடாததை வாங்குங்கள்.

போன வாரம் டிக்கெட் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மரியாதையாகப் பேசினார், விலை ஏறவில்லை என்றார், இளம் அணி, பொறுமையாக இருங்கள் என்றார். இந்தக் குளிர்காலத்தில் ஒரு தொடக்கப் பிட்சரையாவது வாங்குவீர்களா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார், நியாயம்தான். 10 ஆட்டத் தொகுப்புக்கு மாறினால் இதே இருக்கை கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காது, அந்த வரிசை 20 ஆட்டக்காரர்களுக்கு மட்டும், நீங்கள் இன்னும் இரண்டு பகுதி தள்ளிப் போக வேண்டியிருக்கும் என்றார்.

மகளிடம் சொன்னேன். அந்தப் பெரியவர் அங்கே வருவாரா என்று கேட்டாள். வரமாட்டார், அவருக்கு இந்தப் பகுதிதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டிசம்பர் 12 வரை காத்திருப்போம் என்றாள். அதற்குள் ஒரு நல்ல பிட்சர் வந்தால் 20, வராவிட்டால் 10. தினமும் காலையில் என் போனை எடுத்து யாரையாவது வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கிறாள்.