கடலடிச் சேற்றுக்குச் சிறு வேன் ஷியர் கருவி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

கடலடிச் சேற்றின் வெட்டு வலிமையை, அதாவது சறுக்கி உடையாமல் தாங்கும் திறனை, அளக்கும் ஆய்வகக் கருவிகளில் அதிகம் மக்கர் செய்யாதது மோட்டார் வைத்த சிறு வேன் (vane) கருவிதான். ஒரு மோட்டார், ஒரு ஸ்பிரிங், தண்டின் நுனியில் நான்கு இதழ் கத்தி. கத்தியைச் சேற்றில் இறக்கிச் சுழற்றினால், சேறு எதிர்க்கும் முறுக்கு ஸ்பிரிங் வழியே முள்ளில் தெரியும். கெட்டுப்போக வேறென்ன இருக்கிறது? ஆனால் எண் தப்பாக வந்தால் கருவி காட்டிக்கொடுக்காது. பார்த்துக்கொள்ள வேண்டியவர் பயன்படுத்துபவர்தான்.

முதலில் கத்தி. விட்டமும் உயரமும் 12.7 மி.மீ. என்றால் 1 கிலோபாஸ்கல் வலிமைக்கு ஏறத்தாழ 4.3 மில்லிநியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை. அளவின் முப்படி கணக்கில் வருவதால், சிப்பித் தூளில் உரசி இரண்டும் 12.2 ஆகத் தேய்ந்தாலே அளவீடு 11 சதவீதம் குறைந்துவிடும். வெர்னியர் காலிப்பரால் அடிக்கடி அளந்து பாருங்கள்.

ஸ்பிரிங்கை நம்பாதீர்கள். 20 மி.மீ. ஆரமுள்ள கப்பியில் நூல் சுற்றி 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால், மேற்சொன்ன கத்திக்குச் சுமார் 4.6 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். கோரின் (கடலடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தூணின்) மேல்முனைச் சேறு பெரும்பாலும் இதைவிட இளகியது. அங்கே கடின ஸ்பிரிங் போட்டால் முள் அசைந்ததா என்பதே தெரியாது.

கத்தியின் மேல்விளிம்பு சேற்றுப் பரப்புக்குக் கீழே குறைந்தது 25 மி.மீ. இறங்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 70 மி.மீ. உள்விட்டக் குழாயை நெடுக்காகப் பிளந்தால் நடுவில் கிடைக்கும் ஆழமே 35, கத்தியின் உயரத்தையும் சேர்த்துத் தேவைப்படுவதோ 38. கத்தி குழாய்ச் சுவரில் முட்டும். அப்படிப்பட்ட கோரில் பிளப்பதற்கு முன், வெட்டு முனையிலேயே அளப்பது நல்லது. பிளந்த முகத்தில் குறுக்காகக் குத்தும்போது வெட்டுத் தளத்தின் திசையும் மாறிவிடும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

நிமிடத்துக்கு 90 பாகை வேகத்தில் சுழற்றும்போது முள் சீராக ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். கரகரவென்று துள்ளித் துள்ளி ஏறினால் கத்தி மணலையோ சிப்பியையோ உரசுகிறது. மணலில் நீர் வடிந்துவிடுவதால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. தண்டைச் சுற்றிப் பரப்பில் நட்சத்திரம்போல் விரிசல் ஓடினாலும் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

மிக இளகிய சேற்றில் தண்டின் உராய்வே பெரிய பங்கு வகிக்கும். கத்தியில்லாத, அதே தடிமனுள்ள தண்டை அதே ஆழத்துக்கு இறக்கிச் சுழற்றி, வரும் மதிப்பைக் கழியுங்கள். உச்சம் பதிந்ததும் கத்தியைக் கையால் சில சுற்று வேகமாகத் திருப்பிவிட்டு மறுபடி அளந்தால் குழைந்த நிலை வலிமையும் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் நன்னீரில் அலசித் துடைத்து வையுங்கள். இதழ்கள் தண்டோடு சேரும் பற்றவைப்பில்தான் உப்பு முதலில் அரிக்கும்.