கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகம்: புதிதாகப் பிரைவேட் லிமிடெட் போட்டவர்களுக்கு

நானும் மனைவியும் ஆளுக்குப் பாதிப் பங்கு வைத்து கோவையில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினோம். பதிவு வேலையை ஆன்லைன் பேக்கேஜ் ஒன்றில் கொடுத்தோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சான்றிதழோடு பான் எண்ணும், வரி பிடித்துக் கட்டுவதற்கான டான் எண்ணும் ஒழுங்காக வந்தன. ஆனால் அப்புறம் வரி பற்றி எதைக் கேட்டாலும் "அது தனி பிளான் சார்" என்பதுதான் பதில். அதனால் காந்திபுரம் பக்கம் நண்பர் சொன்ன ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனோம்.

உட்கார்ந்ததும் ஆடிட்டர் கேட்டது, "ஏனுங்க தம்பி, கம்பெனில இருந்து வீட்டுக்குப் பணம் எப்படி எடுக்கப் போறீங்க?" அதுவரை யாரும் எங்களிடம் இதைக் கேட்கவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டே காட்டினார். 10 லட்சம் லாபம் என்றால், 22% விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் சேர்த்து வரி 2,51,680 ரூபாய், மிச்சம் 7,48,320. அதை டிவிடெண்டாக, அதாவது லாபப் பங்காக, எடுத்தால் பங்குதாரர் கையில் அது மறுபடியும் வருமானம். 2020 ஏப்ரலுக்கு முன்னால் கம்பெனியே விநியோக வரி கட்டிவிடும், இப்போது நாம்தான் நம் வருமானத்துக்குரிய ஸ்லாப் விகிதத்தில் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி 10% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டுதான் தரவும் வேண்டும். அதுவே இயக்குநர் சம்பளம் என்றால் கம்பெனிக்குச் செலவாக லாபத்தில் கழியும், நமக்கும் புதிய வரிமுறையில், வேறு வருமானம் இல்லாத பட்சத்தில், 2025-26 நிதியாண்டுக்கு 12.75 லட்சம் வரை வரி வராது.

அப்படியானால் எல்லாவற்றையும் சம்பளமாகவே எடுத்துவிடலாமே என்று மனைவி கேட்டார். "பார்க்கிற வேலைக்குத் தகுந்த சம்பளமா இருக்கோணும் அம்மிணி, போர்டு தீர்மானம் இருக்கோணும், மாசாமாசம் பேங்க்லயே போகோணும்" என்றார். கைமாற்றாக எடுத்துக்கொண்டு பிறகு திருப்பிப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு அவர் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் இப்படிக் கடன் எடுத்தால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அந்தக் கடனையே டிவிடெண்டாகக் கருதி வரி போடுவார்கள். இயக்குநர்களுக்குக் கடன் கொடுக்கக் கம்பெனிச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது.

அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு மாதக் காலண்டரை எடுத்து, பேசிக்கொண்டே சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தார். முந்தின மாதம் பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்ட 7ஆம் தேதி (மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30), முன்கூட்டிக் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15, கம்பெனியின் வருமான வரி ரிட்டர்னுக்கு அக்டோபர் 31. ஒரு ரூபாய்கூட விற்பனை இல்லாவிட்டாலும் ஆடிட்டும் ரிட்டர்னும் கட்டாயம். கம்பெனிப் பதிவாளருக்குப் போடும் ஆண்டுக் கணக்குப் படிவங்கள் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். மனைவி வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிப் படிவம் இனி ஆகாது, இயக்குநர் ஆனவர் வேறு படிவத்தில் டின் எண்ணையும் (இயக்குநர் அடையாள எண்), பங்குச்சந்தையில் பட்டியலிடாத பங்குகளின் விவரத்தையும் காட்ட வேண்டும் என்பதும் அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

குறையும் உண்டு. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும், நேரில் போனால்தான் வேலை நடக்கும். ஆன்லைன் பேக்கேஜைவிடக் கட்டணமும் கூடுதல், ஆனாலும் எனக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் இங்கே என் கணக்கை உட்கார்ந்து பார்க்கிற ஆள் இருக்கிறார். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் போய் நிற்காதீர்கள், அப்போது போனைக்கூட எடுக்க மாட்டார்கள். நிதியாண்டு தொடக்கத்திலேயே போய்விட்டால் சம்பளத் தீர்மானத்தை ஏப்ரலிலிருந்தே சரியாகப் போட்டுத் தருவார்கள்.